நீதிபதியும் பாதிச் சத்தியமும்

முதல் கற்பூரம் எரிந்து முடிந்தது. கணேசன் வாயைத் திறக்கவில்லை.

குளித்த ஈரத்தோடு, இடுப்பில் வேட்டி மட்டும் கட்டிக்கொண்டு, கண்ணகி அம்மன் கோயில் வாசலில் நின்றான். கோயில் பூட்டியிருந்தது. எங்கள் ஊரில் அந்தக் கதவு வைகாசிச் சடங்குக்குத்தான் திறக்கும். மற்ற நாட்களில் சத்தியம் செய்வதென்றால் பூட்டிய கதவுக்கு முன்னால்தான். திறந்த கோயிலைவிட அதற்குத்தான் சனங்களுக்குப் பயம்.

கணேசன் என் மாமி மகன். சீனித்தம்பியின் வலையை வெட்டியது அவன்தான் என்று ஊர் பேசிக்கொண்டிருந்தது. வலை துண்டு துண்டாகக் கிடந்ததற்கு முதல் நாள், வழக்கமாகக் கணேசன் விரிக்கும் இடத்தில் சீனித்தம்பி விரித்ததால் இரண்டு பேருக்கும் கரையில் வாய்த்தர்க்கம். "இன்னொருக்கா இதில விரிச்சியெண்டா வெட்டிப்போடுவன்" என்று கணேசன் கத்தினான். கரையில் நின்ற எல்லாரும் கேட்டார்கள்.

மீனவர் சங்கம் கூடி முடிவெடுத்தது. கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தால் கணேசன் தப்பினான். செய்யாவிட்டால் ஒரு வருஷத்துக்கு அவன் வாவியில் மீன்பிடிக்க இறங்கக்கூடாது.

ஒரு வருஷம் என்பது அவனுக்குச் சின்ன விஷயமில்லை. அவனிடம் வயல் இல்லை. வீட்டை மகளின் கலியாணத்தோடு மகளுக்குக் கொடுத்துவிட்டான். எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவான். மருமகன் விஜயன் வந்து கல்வீட்டில் இருந்தான். கணேசனும் பெண்சாதியும் அதே வளவின் பின்பக்கம் கொட்டில் போட்டுக்கொண்டார்கள். அவனுக்கென்று மிச்சம் ஒரு தோணியும் வாவியும்தான்.

சங்கத் தலைவர் வெற்றிலையில் இரண்டாவது கற்பூரத்தை வைத்துக் கொளுத்தி, கணேசனின் கையில் கொடுத்தார்.

"சொல்லு கணேசன். 'வலையை நான் வெட்டல்ல, வெட்டினவனையும் எனக்குத் தெரியா.' இவ்வளவுதானே. சொல்லிப்போட்டுக் கையால அணை."

கணேசன் கற்பூரத்தைப் பார்த்தபடி நின்றான்.

சனங்களுக்குப் பின்னால், பூவரச மர நிழலில், சிவப்பு பிளாஸ்ரிக் கதிரையில் உட்கார்ந்திருந்த கிழவர் என் சாறனைப் பிடித்து இழுத்தார். "அவரை என்ன சொல்லச் சொல்கிறார்கள்? எனக்குச் சுருக்கம் வேண்டாம். ஒவ்வொரு சொல்லாகச் சொல்லு" என்றார் இத்தாலி மொழியில்.

(சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். ஊர்ப் பெயரை விட்டிருக்கிறேன். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.)

சலூன்காரரின் மகன்

அந்தக் கிழவர் யார் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

எர்னெஸ்தோ என்பது அவருடைய பெயர். நான் 'சிஞ்ஞோர்' என்று கூப்பிடுவேன். ஐயா என்பது மாதிரி. சிசிலித் தீவில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். பலெர்மோ நகரத்தில் ஏழு வருஷம் அவரைப் பார்த்துக்கொள்கிற வேலை எனக்கு. குளிப்பாட்டுவது, சமைப்பது, மருந்து கொடுப்பது, கூட நடப்பது.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினேன், லொறியில் கிளீனராக ஓடினேன், மூன்று நாடுகளில் கட்டட வேலை செய்தேன். இத்தாலிக்குக் கப்பலில் போய்ச் சேர்ந்த வழியை இந்தத் தொடரில் முந்திய வாரங்களில் எழுதியாயிற்று. அந்தக் கப்பலில் குடித்த தண்ணீரின் ருசி இன்னும் வாயில் இருக்கிறது. அதைத் திரும்ப எழுத வேண்டாம்.

சிஞ்ஞோரின் தகப்பனார் மலைமேல் இருந்த ஒரு சின்ன ஊரில் சலூன் வைத்திருந்தவர். பொலிஸ்காரனும் அந்தக் கதிரையில்தான் உட்காருவான், அவன் தேடுகிற கள்ளனும் அதே கதிரையில்தான். சிறு வயதில் சிஞ்ஞோர் கடையைக் கூட்டிக்கொண்டே எல்லாருடைய கதையும் கேட்டிருக்கிறார்.

"கழுத்தில் கத்தி இருக்கும்போது ஒருவரும் பொய் சொல்வதில்லை. உண்மையும் சொல்வதில்லை. வானிலையைப் பற்றிப் பேசுவார்கள்" என்று ஒருநாள் நான் அவருக்குச் சவரம் செய்யும்போது சொன்னார். சிரித்ததில் கன்னத்தில் ஒரு கீறல் விழுந்தது.

படித்து, நீதிபதிப் பரீட்சை எழுதி, ஒரு தடவை தவறி, மறு தடவை தேறினார். முதல் வேலை ஒரு சிற்றூரில். அங்கே அவர் ஒருவர்தான் நீதிபதி. ஒலிவ் தோட்டத்தில் ஆடு புகுந்த வழக்கு, ஒரு கிணற்றுக்கு இரண்டு சகோதரிகள் சண்டை பிடித்த வழக்கு. கிணற்றைப் பார்க்க வேண்டுமென்று கால்நடையாகவே போனாராம். போனால் கிணற்றில் தண்ணீரே இல்லை. அப்படியும் இரண்டு பேரும் சமாதானமாகவில்லை.

அந்த வருஷங்களைப் பற்றிப் பேசும்போதுதான் அவர் முகம் வெளிச்சமாகும்.

பூட்டிய ஜன்னல்

பிறகு பலெர்மோவுக்கு மாற்றினார்கள். பெரிய குற்ற வழக்குகள். அந்தக் காலத்தில் அந்த நகரத்தில் நீதிபதிகளைக் கொன்றார்கள். அதனால் இவருக்கும் காவல் போட்டார்கள். குண்டு துளைக்காத கார், முன்னுக்கு ஒரு வண்டி, பின்னுக்கு ஒரு வண்டி, துவக்கோடு பொடியன்கள்.

பல வருஷம் அவர் தெருவில் கால் வைக்கவில்லை. வீட்டில் தெருப்பக்கத்து ஜன்னலைத் திறக்கக்கூடாது. மகளின் பள்ளிக்கூட விழாக்களுக்குப் போனதில்லை. மகள் வளர்ந்து வடக்கே ஒரு நகரத்துக்குப் போனாள். நத்தார்ப் பண்டிகைக்கு மட்டும் வருவாள். பெண்சாதிதான் சந்தைக்குப் போய் வருவார். ஆரஞ்சு நிறத் தோடம்பழத்தைக் கொண்டு வந்து வைத்தால்தான் இவருக்கு மாரிகாலம் வந்தது தெரியும்.

நான் போகும்போது காவல் எடுபட்டு எவ்வளவோ காலம். பெண்சாதியும் காலமாகிவிட்டார். முதல் நாள் அவரை வெளியே கூட்டிப் போனேன். வாசலில் இறங்கியவர் நடைபாதை ஓரத்தில் அப்படியே நின்றார். நானும் நின்றேன். கொஞ்ச நேரத்துக்குப் பிறகுதான் விளங்கிற்று: யாராவது வந்து கார்க் கதவைத் திறப்பார்கள் என்று நிற்கிறார்.

"கார் இல்லை சிஞ்ஞோர். நடக்க வேண்டும்."

"எந்தப் பக்கம்?"

"நீங்கள் சொல்கிற பக்கம்."

இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு இடது பக்கம் திரும்பினார். அதற்குப் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. மழையிலும் நடப்பார். சந்தையில் மீன் கூவி விற்கிறவர்களுக்கு முன்னால் நின்று, ஒன்றும் வாங்காமல், வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார். நானும் ஒரு இடத்தில் தரிக்காதவன். எங்கள் இரண்டு பேருக்கும் ஒத்துப்போனது அதில்தான்.

பாண் போறணை

அவர் அதிகம் பேசாத வழக்கு ஒன்று இருந்தது. ஒருநாள் நடந்து நடந்து ஒரு ஒழுங்கைக்குள் போனோம். பாண் ரொட்டி வேகும் வாசம் வந்தது. சிஞ்ஞோர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மயக்கம் என்று நினைத்துச் சீனி எடுத்தேன். வேண்டாம் என்றார். அந்தச் சுவரோடு நின்றுதான் சொன்னார்.

பாண் சுடும் போறணையில் வேலை செய்த ஒருவன்மீது ஒரு கிடங்குக்குத் தீ வைத்ததாக வழக்கு. உள்ளே படுத்திருந்த காவல்காரன் கருகிப்போனான். மூன்று நீதிபதிகள் கேட்ட வழக்கு. கேள்வி கேட்டவர் சிஞ்ஞோர்: "தீ வைத்தது நீயா? அல்லது வைத்தவன் யார் என்று உனக்குத் தெரியுமா?"

அவன் பேசவில்லை. மறுபடி கேட்டார். பேசவில்லை.

வேறு சாட்சியும் இருந்ததாம், ஆனால் மெலிந்த சாட்சி. தீர்ப்பை எழுதியவரும் சிஞ்ஞோர்தான். "ஒரு நிரபராதி 'இல்லை' என்ற ஒரு சொல்லைச் சொல்ல இவ்வளவு தயங்கமாட்டான்" என்று எழுதினாராம். அந்த வசனம் அழகாக வந்தது என்று அன்றைக்குச் சந்தோஷப்பட்டதையும் என்னிடம் மறைக்கவில்லை.

ஆறு வருஷம் கழித்து அவனுடைய தம்பி சாகக் கிடந்தபோது, நான்தான் வைத்தேன் என்று பாதிரியாருக்கு முன்னால் எழுதிக் கொடுத்தான். அண்ணன்காரன் சிறையிலிருந்து வெளியே வந்தான். சிஞ்ஞோர் காவல் வண்டிகளோடு அவன் வீட்டுக்குப் போனார். கதவு திறக்கவில்லை. மறு வருஷமும் போனார். திறந்தான்.

"நீங்கள் இரண்டு கேள்வியை ஒன்றாகக் கேட்டீர்கள். எனக்கு ஒரு வாய்தான் இருந்தது" என்றானாம். கதவைச் சாத்திவிட்டான்.

அதற்குப் பிறகு ஓய்வு பெறுகிறவரை, தன் முன்னால் ஒரு சட்டத்தரணியையும் இரண்டு கேள்வியைச் சேர்த்துக் கேட்க விடவில்லை என்றார். "பிரித்துக் கேளுங்கள், பிரித்துக் கேளுங்கள் என்று கத்துவேன். எனக்குப் பின்னால் சிரிப்பார்கள்."

அதிகாரம் இல்லாத இடம்

எனக்கு முழங்கால் விட்டுப்போனது. ஊருக்குத் திரும்புகிறேன் என்றேன். "ஒரு மாதம் நானும் வருகிறேன்" என்றார். மகள் தொலைபேசியில் கத்தினாள். அவர் தொலைபேசியைக் கதிரையில் வைத்துவிட்டுப் போய்ப் பெட்டி அடுக்கினார்.

என் வீட்டு முன்னறையில் படுத்தார். பிட்டையும் சொதியையும் முள்ளுக்கரண்டியால் சாப்பிட்டார். விடிந்ததும் வாவிக்கரையில் வெறுங்காலோடு நடப்பார். பாசிக்குடாவுக்குக் கூட்டிப் போனேன். கடல் நல்லதுதான், ஆனால் எல்லாரும் படுத்துக் கிடக்கிறார்கள் என்றார். மறுநாளே திரும்பிவிட்டோம்.

அவர் நீதிபதி என்று நான்தான் வாயை விட்டேன். அடுத்த நாள் காலையில் படலைக்கு முன்னால் ஆறு பேர். ஒருவர் காணி உறுதியோடு, ஒரு அம்மா பக்கத்து வளவுத் தென்னை தன் கூரைக்குமேல் சாய்கிறது என்று.

"மனே, இவரிட்ட ஒள்ளம் சொல்லு. வெள்ளைக்கார நீதவான் சொன்னா அவள் கேப்பாள்" என்றார் அந்த அம்மா என்னிடம்.

சிஞ்ஞோர் தென்னையைப் போய்ப் பார்த்தார். சுற்றி நடந்தார். "இந்த நாட்டில் எனக்கு ஒரு காகத்தைக்கூடத் தண்டிக்க அதிகாரம் இல்லை என்று சொல்லு" என்றார்.

சொன்னேன். "பாத்தியா, எவ்வளவு படிச்ச மனுஷன்" என்று சொல்லிவிட்டுச் சந்தோஷமாகப் போனார் அம்மா.

இப்படித்தான் சத்தியம் நடந்த அன்றைக்கும் அவருக்குக் கதிரை போட்டிருந்தார்கள். பார்க்க வந்தவர், அவ்வளவுதான்.

என் வாய்

நான் சத்திய வார்த்தைகளைச் சொல்லுக்குச் சொல் இத்தாலியில் சொன்னேன். வலையை நான் வெட்டவில்லை. வெட்டினவனையும் எனக்குத் தெரியாது.

சிஞ்ஞோர் கதிரையில் நிமிர்ந்தார். "ராசு, அது இரண்டு!" என்றார். "இரண்டு கேள்வி! அந்த மனிதனால் ஒன்றுக்குப் பதில் சொல்ல முடியும், மற்றதற்கு முடியாது. பிரிக்கச் சொல்லு."

அவர் என்னிடம் சொன்னது மெதுவாகத்தான். நான் நிமிர்ந்து நின்று கத்தினேன். இவ்வளவு காலமும் கோப்பை கழுவினவன், குளிப்பாட்டினவன். இன்றைக்கு முழு ஊரும் என் வாயைப் பார்க்கிறது. ஒரு நீதிபதியின் சொல் என் நாக்கில் இருக்கிறது. அந்தத் திமிர்தான்.

"நீதவான் ஐயா சொல்றார், ரெண்டு சத்தியத்த ஒண்டாக் கேக்கப்படாதாம். அவங்கட நாட்டுச் சட்டம் அப்பிடித்தானாம். பிரிச்சுக் கேக்கட்டாம். முதல்ல, வெட்டல்ல எண்டு மட்டும் சொல்லட்டாம்!"

சட்டத்தை நானாகச் சேர்த்தேன்.

சனங்கள் குசுகுசுத்தார்கள். தலைவர் தாடையைத் தடவினார். "அதுவும் ஞாயம்தான். சரி கணேசன், முதல் பாதியச் சொல்லு."

"ஓம், முதல் பாதியச் சொல்லட்டும்" என்றான் சீனித்தம்பி. "மறுகா மத்தப் பாதியையும் கேப்பம். எங்க போயிரப் போறான்?"

கணேசன் தலையை நிமிர்த்தினான். முதலில் என்னைப் பார்த்தான். பிறகு அவனுடைய கண் சனங்களுக்குள் ஒரு இடத்துக்குப் போய், சூடு பட்ட மாதிரித் திரும்பி வந்தது. நானும் அந்த இடத்தைப் பார்த்தேன். அங்கே மருமகன் விஜயன் நின்றான். கையைக் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி.

எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. வலையை வெட்டியது விஜயன். மாமாவைச் சீனித்தம்பி ஊருக்கு முன்னால் ஏசியது அவனுக்குப் பொறுக்கவில்லை. கணேசனுக்கு அது தெரியும். கண்ணகிக்கு முன்னால் பொய்ச் சத்தியம் செய்கிற ஆள் அவன் இல்லை. அதனால்தான் வாய் திறக்காமல் நின்றான். பேசாமல் நின்றால் ஊர் அவனை மட்டும்தான் சந்தேகப்படும். பாதியைச் சொன்னால் மற்றப் பாதி ஏன் வரவில்லை என்று எல்லாருக்கும் தெரிந்துபோகும். அவன் நின்றுகொண்டிருந்த அந்த ஒரேயொரு இடத்தையும் நான் பிடுங்கிவிட்டேன்.

கணேசன் வெற்றிலையைக் கற்பூரத்தோடு தரையில் வைத்தான். அணைக்கவில்லை. கோயில் கதவுக்கு முதுகைக் காட்டிச் சனங்களைப் பார்த்தான்.

"சத்தியம் ஒண்டும் வேணாம். நான்தான் வெட்டினன்."

சிஞ்ஞோர் என் சாறனை இழுத்தார். சொன்னேன். அவர் முகம் மாறியது. வயது பத்து குறைந்த மாதிரி இருந்தது. நீதிமன்றத்தில் அவர் எப்படி இருந்திருப்பார் என்பதை அந்த ஒரு நிமிஷத்தில்தான் நான் பார்த்தேன்.

"பொய்" என்றார். "கேள்: எதனால் வெட்டினாய்? தோணியில் இருந்தா, தண்ணீரில் இறங்கியா? எந்த முனையிலிருந்து? முதலாவதைக் கேள், பதில் வந்த பிறகு அடுத்தது."

மூன்று கேள்வி போதும், கணேசன் பிடிபட்டுவிடுவான். எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். தலைவரும் சீனித்தம்பியும் என் வாயைப் பார்த்தார்கள்.

"ஐயா என்ன சொல்றார்?" என்றார் தலைவர்.

"ஒண்டுமில்ல. வெயில் கூடவாம், வீட்ட போவம் எண்டு சொல்றார்."

சிஞ்ஞோரிடம் குனிந்து, "பதில் சொல்ல விரும்பவில்லையாம்" என்றேன்.

அவர் கணேசனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். நாற்பது வருஷம் பொய்களைப் பார்த்த கண். பிறகு முழங்காலில் கையை ஊன்றி எழும்பினார்.

"ஒரு வருஷம்" என்றார் தலைவர் எங்களுக்குப் பின்னால்.

திரும்பும் வழி

வேலிக்கரையோடு நடந்தோம். அவருடைய செருப்புக்குள் மணல் போயிருந்தது, நின்று தட்டினேன்.

"என்னுடைய நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளன் இப்படிச் செய்தால் சிறைக்குப் போவான்" என்றார்.

"ஓம் சிஞ்ஞோர்."

"யார் அது? மகனா?"

"மருமகன். மகளின் புருஷன்."

தலையாட்டினார். கொஞ்சத் தூரம் போய், "நான் பிரிக்கச் சொல்லியிருக்கக்கூடாது" என்றார். "கேள்வியைப் பிரித்தால் போதும் என்று முப்பது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்."

"நான் கத்தியிருக்கக்கூடாது."

"ஓம்" என்றார். அந்தத் தமிழ்ச் சொல்லை அவர் நன்றாகப் பிடித்திருந்தார்.

அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. கணேசன் வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டார். போனோம். கணேசன் கொட்டிலுக்கு வெளியே இருந்து வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தான். எங்களைக் கண்டு எழும்பவில்லை.

"மச்சான், உன்ட வெள்ளைக்காரன் நல்ல மனுஷன்தான்" என்றான். "உனக்குத்தான் வாய் நீளம்."

கணேசனின் பெண்சாதி தேத்தண்ணி தந்தாள். கல்வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே மகள் அழுகிற சத்தம் கேட்டது. பிறகு விஜயனின் குரல், பிறகு இரண்டும் இல்லை.

பஸ் தரிப்பு

மூன்றாம் நாள் விடியவே சிஞ்ஞோர் என்னை எழுப்பினார். கணேசன் வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரைக்கு வேலைக்குப் போகிறான் என்று ஊரில் கேள்விப்பட்டிருந்தோம். வவுணதீவுப் பக்கம் ஒரு வயல் வட்டையில் வரம்பு கட்டும் வேலை. தண்ணீரிலேயே கிடந்தவனுக்கு ஐம்பது வயதுக்கு மேல் மண்வெட்டி. "வழியனுப்ப வேண்டும்" என்றார் சிஞ்ஞோர்.

தரிப்பில் பத்துப் பேர் அளவில் நின்றார்கள். எதிர்க் கடையில் சீனித்தம்பி இருந்து தேத்தண்ணி குடித்தான். கணேசன் மண்வெட்டியைச் சாக்கில் சுற்றிப் பிடித்திருந்தான். சிஞ்ஞோர் போய் அவன் பக்கத்தில் நின்றார். இரண்டு பேருக்கும் பேச மொழி இல்லை. தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பஸ் வளைவில் தெரியும்போது விஜயன் வந்தான். தோளில் ஒரு பை. கையில் இன்னொரு மண்வெட்டி.

"நானும் வாறன் மாமா."

கணேசன் அவனைப் பார்க்காமல், "உன்ட தோணி?" என்றான்.

"கரையில ஏத்திக் கவிட்டுட்டன். நீங்க இறங்காத தண்ணிக்கு நானும் இறங்கமாட்டன்."

அவன் மெதுவாகச் சொல்லவில்லை. தரிப்பில் நின்றவர்கள் திரும்பினார்கள். எதிர்க் கடையில் சீனித்தம்பியின் கோப்பை மேசைக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. அவன் எழும்புவான் என்று நினைத்தேன். அங்கேயே இருந்தான். கோப்பையை வைத்துவிட்டு, தன் கால்விரல்களைப் பார்த்தான்.

தரிப்பில் நின்றவர்கள் தங்கள் பைகளை எடுத்தார்கள்.

பஸ் வந்து நின்றது. சிஞ்ஞோர் என் கையைப் பிடித்தார். "அந்தப் பையன் என்ன சொன்னான்?"

ஒரு சொல்லும் கூட்டாமல், ஒரு சொல்லும் குறைக்காமல் சொன்னேன். அவர் என் கையை விடவில்லை.

கணேசன் படியில் ஒரு காலை வைத்து மருமகனைத் திரும்பிப் பார்த்து ஏதோ கேட்டான். விஜயன் பையைத் தட்டிக் காட்டிப் பதில் சொன்னான். இரண்டு பேரும் ஏறினார்கள். பஸ் போயிற்று.

"கடைசியாக என்ன?" என்றார் சிஞ்ஞோர்.

"சோறு கட்டினியா எண்டு கணேசன் கேட்டான்" என்றேன். தமிழிலேயே வந்துவிட்டது. பிறகு இத்தாலியில் சொன்னேன்: "சோறு கட்டினாயா என்று கேட்டான். இரண்டு பேருக்கும் சேர்த்துக் கட்டித் தந்திருப்பதாக மருமகன் சொன்னான்."

"யார் கட்டித் தந்தது?"

"மகள்."